சிக்னோசிஸ்: லிவர்பூல் கேம் கம்பெனியின் எழுச்சியும் முடிவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேம்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் சிக்னோசிஸ் பெயர் தவறாமல் வந்துவிடுகிறது. கூடவே அதே சந்தேகங்களும் வருகின்றன. சொல்லப்படும் பதில்களில் பாதி சரி, மீதி கைமாறிக் கைமாறித் திரிந்துபோனவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. சிக்னோசிஸ்னா யாரு? கேள்விப்பட்டதே இல்லையே.

இங்கிலாந்தின் லிவர்பூலில் 1984இல் தொடங்கிய கேம் நிறுவனம். முதலில் அமிகா, அடாரி எஸ்.டி. கணினிகளுக்கும், பிறகு சோனியின் பிளேஸ்டேஷனுக்கும் கேம்களை வெளியிட்டது. லெம்மிங்ஸ், ஷேடோ ஆஃப் தி பீஸ்ட், வைப்அவுட் ஆகிய மூன்றில் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருக்கக்கூடும். 1993இல் சோனி வாங்கியது. பிறகு பெயர் போனது. 2012 ஆகஸ்டில் ஸ்டுடியோவும் மூடப்பட்டது.

சில கேம்களை அவர்களே செய்தார்கள். பலவற்றை வெளியே இருந்த சின்னச் சின்னக் குழுக்கள் செய்ய, இவர்கள் பணம் போட்டு வெளியிட்டார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 6ஆம் கேள்வியில் தேவைப்படும்.

2. இமேஜின்னு ஒரு கம்பெனிதான் பேர் மாறி சிக்னோசிஸ் ஆச்சாமே?

பெயர் மாறவில்லை. இமேஜின் சாஃப்ட்வேர் திவாலானது. அங்கே இருந்தவர்களில் சிலர் புதிதாகத் தொடங்கியதுதான் சிக்னோசிஸ். இமேஜினை 1982இல் லிவர்பூலில் தொடங்கியவர்கள் மார்க் பட்லரும் டேவிட் லாசனும். நிதிப் பொறுப்பைப் பார்த்தவர் இயன் ஹெதரிங்டன். சிக்னோசிஸ் தொடங்கும்போது ஹெதரிங்டன், லாசன் இருவரும் இருந்தார்கள், அவர்களோடு ஜொனதன் எல்லிஸ் சேர்ந்தார்.

இமேஜின் என்ற பெயரை வாங்கியது மான்செஸ்டரின் ஓஷன் நிறுவனம். இமேஜினுக்கு நேர்ப் போட்டியாளர். ஆகவே 1984க்குப் பிறகு வந்த கேசட்டுகளில் இமேஜின் முத்திரையைப் பார்த்தால் அதற்கும் லிவர்பூல் ஆட்களுக்கும் தொடர்பில்லை. நிறையப் பேர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

3. டிவி கேமரா ஓடிட்டு இருக்கும்போதே ஜப்திக்கு ஆள் வந்தாங்கன்னு சொல்றது கதையா, நிஜமா?

நிஜம். இமேஜினின் முதல் கேம் ஆர்கேடியா நன்றாக விற்றது. ஸ்பெக்ட்ரம் கணினிக்கான கேசட் ஒன்று ஐந்தரை பவுண்டு. வீட்டுக்கு வீடு கணினி புகுந்துகொண்டிருந்த காலம், எதைப் போட்டாலும் விற்றது. பணம் வந்த வேகத்தில் விலையுயர்ந்த கார்கள், பெரிய அலுவலகம், விளம்பரம் என்று செலவும் ஓடியது. அங்கே வேலை பார்த்த ஒரு பதின்வயதுப் பையனுக்கு ஆண்டுக்கு 35,000 பவுண்டு வருமானம் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. அந்த ஊரில் அப்போது வேலையில்லாமல் நின்ற இளைஞர்கள் ஏராளம்.

1983 கிறிஸ்துமஸ் விற்பனையின்போது ஒரு தந்திரம் செய்தார்கள். கேசட் பதிவு செய்து தரும் பெரிய ஆலை ஒன்றின் வேலை நேரத்தைத் தாங்களே முன்பதிவு செய்துகொண்டால், போட்டியாளர்களுக்குக் கேசட் கிடைக்காது என்று கணக்குப் போட்டார்கள். போட்டியாளர்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள். பண்டிகை முடிந்தபோது கிடங்கு நிறைய விற்காத கேசட்டுகள் இமேஜின் தலையில்தான் விழுந்தன.

பிபிசி அந்த நேரத்தில் வணிக நிறுவனங்களைப் பற்றிய ஆவணத் தொடர் ஒன்றுக்காக இமேஜினையும் ஓஷனையும் பின்தொடர்ந்து படம்பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு வெற்றிக் கதையை எடுக்கத்தான் போனார்கள். 1984 ஜூலை 9 அன்று நீதிமன்றம் இமேஜினைக் கலைக்க உத்தரவிட்டது. கடன்காரர்கள் தரப்பு ஆட்கள் வந்து அலுவலகத்தை மூடியபோது படக்குழு அங்கேதான் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அது ஒளிபரப்பானது. பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஏமாந்து நிற்பவர்கள் முதலாளிகள் மட்டும் இல்லை, சம்பளத்தை நம்பி வந்த இளம் பையன்கள்.

4. பேண்டர்ஸ்னாட்ச் கடைசியில வந்துச்சா இல்லையா? நெட்ஃபிளிக்ஸ் படத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

அந்தப் பெயரில் வரவில்லை. பேண்டர்ஸ்னாட்ச், சைக்ளாப்ஸ் என்று இரண்டு 'மெகா கேம்'களை இமேஜின் விளம்பரப்படுத்தியது. கணினியின் பின்னால் செருகும் கூடுதல் வன்பொருளோடு, விலை சுமார் 40 பவுண்டு என்பது திட்டம். ஐந்தரை பவுண்டுக்குக் கேசட் வாங்கிப் பழகிய பையன்களிடம் இது. கேமே உருவாகாத நிலையில் விளம்பரம் மட்டும் முழுப்பக்கம் வந்துகொண்டிருந்தது.

பேண்டர்ஸ்னாட்ச்சுக்காக யோசித்து வைத்திருந்தவற்றில் ஒரு பகுதி சிக்னோசிஸின் முதல் கேமான பிரடாகஸில் சேர்ந்தது. 1986இல் வந்தது. படங்கள் அபாரம், ஆனால் நாயகனை நினைத்த பக்கம் நடத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சைக்ளாப்ஸ் என்ற பெயரை மட்டும் பின்னாளில் ஒரு துணை முத்திரையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பேண்டர்ஸ்னாட்ச் என்ற அதே பெயரில் வந்த நெட்ஃபிளிக்ஸ் படம் இந்தக் கதையைச் சொல்லவில்லை, அதில் வரும் நிறுவனம் கற்பனை. ஆனால் படம் தொடங்கும் நாள் 1984 ஜூலை 9. அந்தத் தேதியை மேலே பார்த்தீர்களே.

5. அட்டைப்படம்தான் அழகு, உள்ள சரக்கு இல்லைன்னு சொல்றாங்களே?

முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். யெஸ் என்ற ராக் இசைக்குழுவின் ஆல்பம் அட்டைகளை வரைந்து புகழ்பெற்ற ரோஜர் டீன்தான் சிக்னோசிஸின் ஆந்தை முத்திரையையும் பல அட்டைப்படங்களையும் வரைந்தார். கறுப்புப் பெட்டி, உலோகம்போல மின்னும் எழுத்து, நடுவில் இந்த உலகத்தில் இல்லாத ஒரு மிருகம். கடையில் தூரத்திலிருந்தே இது சிக்னோசிஸ் கேம் என்று தெரிந்துவிடும்.

1989இல் வந்த ஷேடோ ஆஃப் தி பீஸ்ட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ரெஃப்ளெக்‌ஷன்ஸ் என்ற சிறிய குழு செய்தது. நாயகன் ஓட ஓட, காலடிப் புல் வேகமாகவும், மரங்கள் கொஞ்சம் மெதுவாகவும், மலைகள் அதைவிட மெதுவாகவும், மேகங்கள் தனித்தனி வரிசையாகவும் நகரும். ரயில் ஜன்னலில் தந்திக்கம்பம் பறக்க, தூரத்துப் பனைமரம் கூடவே வருமே, அதே மாதிரி. இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள். அமிகா கணினியால் இது முடியும் என்று அதை வைத்திருந்தவர்களுக்கே தெரியாது. டேவிட் விட்டேக்கரின் இசை வேறு. டி-ஷர்ட்டோடு சேர்த்து விலை சுமார் 35 பவுண்டு.

விளையாட்டாகப் பார்த்தால் கொடுமையான கடினம். எதிரி எங்கே வருவான் என்று மனப்பாடம் செய்யாமல் முன்னேற முடியாது. ஆனாலும் என் கருத்தில் அது வெறும் பகட்டு இல்லை. அந்த ஆரஞ்சு வானத்தின் கீழே தனியாக ஓடும் உணர்வை அதற்கு முன் வேறு எந்த கேமும் தரவில்லை. அது போதாதா என்றால், எனக்குப் போதும்.

6. லெம்மிங்ஸ் பண்ணது சிக்னோசிஸ்தானே?

வெளியிட்டது சிக்னோசிஸ். செய்தது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டேவிட் ஜோன்ஸ் தொடங்கிய டிஎம்ஏ டிசைன். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெட்டியில் பெரிதாக இருப்பது வெளியீட்டாளர் பெயர். செய்தவர்களின் பெயர் காலப்போக்கில் உதிர்ந்துவிடுகிறது.

கதை இதுதான். 1989இல் டிஎம்ஏவில் வாக்கர் என்ற வேறொரு கேமுக்காகச் சின்ன மனித உருவங்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். இன்னும் சின்னதாக, எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள்ளேயே நடக்கும் ஆளை வரைய முடியும் என்று காட்ட, மைக் டெய்லி சாப்பாட்டு இடைவேளையில் ஒரு அனிமேஷன் செய்தார். குட்டி ஆட்கள் வரிசையாக நடந்துபோய் நசுங்கிச் சாகிறார்கள். கேரி டிம்மன்ஸ் அந்த நடையை இன்னும் துள்ளலாக்கினார். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதில் ஒரு கேம் இருக்கிறது என்று கண்டுகொண்டவர் ரஸல் கே. பச்சை முடி, நீல உடை எல்லாம் அன்றைய பிசிக்களின் குறைந்த நிறத் தொகுப்புக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக வந்தவை.

நாம் செய்ய வேண்டியது, சாவை நோக்கி நடக்கும் அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்குத் தோண்டும் வேலை, ஒருவனுக்குப் படி கட்டும் வேலை, ஒருவனுக்கு வழிமறித்து நிற்கும் வேலை என்று கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றுவது. மொத்தம் எட்டுத் திறமைகள், 120 லெவல்கள். 1991 பிப்ரவரி 14 அன்று அமிகாவில் வந்தது. முதல் நாளே 55,000 பிரதிகள். அதே டிஎம்ஏவின் முந்தைய கேம் மெனஸ் மொத்தமாகவே 20,000தான் விற்றிருந்தது. டிஎம்ஏ 1997இல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவைச் செய்து, பிறகு ராக்ஸ்டார் நார்த் ஆனது.

அப்படியென்றால் சிக்னோசிஸின் பங்கு என்ன? நல்ல குழுவை அடையாளம் காண்பது, காசு போடுவது, கடை வரை கொண்டுசேர்ப்பது. அதுவும் ஒரு திறமைதான். பிரிட்டனில் அந்தத் திறமை இவர்களுக்கு இருந்த அளவுக்கு மிகச் சிலருக்கே இருந்தது.

7. 1993ல பிளேஸ்டேஷனே வரலையே, சோனி எதுக்கு இவங்களை வாங்குச்சு?

வரப்போகிறது என்பதால்தான். குறுந்தகட்டில் கேம் என்பதை ஹெதரிங்டன் மற்றவர்களுக்கு முன்பே நம்பினார். ஜப்பானின் எஃப்.எம். டவுன்ஸ் கணினிக்காகவும், விலை உயர்ந்த சிலிகான் கிராஃபிக்ஸ் இயந்திரங்களில் முப்பரிமாணக் காட்சிகளுக்காகவும் சிக்னோசிஸ் உழைத்துக்கொண்டிருந்தது. அவற்றில் வந்த மைக்ரோகாஸம் போன்ற கேம்கள் பார்க்க நன்றாக இருந்தன, விளையாட அவ்வளவாக இல்லை. ஆனால் சோனிக்குத் தேவைப்பட்ட அனுபவம் அதுதான்.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரியம் உண்டு. கேம் எழுதுபவர்களுக்கென்று சோனி முதலில் வைத்திருந்தது தன்னுடைய பெரிய வொர்க்ஸ்டேஷன் இயந்திரம். விலையும் அதிகம், பழக்கமும் இல்லை. சிக்னோசிஸும் எஸ்என் சிஸ்டம்ஸ் என்ற சிறிய பிரிட்டிஷ் நிறுவனமும் சேர்ந்து, சாதாரண பிசிக்குள் செருகும் இரண்டு அட்டைகளாக அந்த வேலையைச் சுருக்கிக் காட்டின. 1994 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் சோனிக்கு அதைக் காட்டினார்கள், சோனி ஏற்றுக்கொண்டது. பிளேஸ்டேஷனுக்கு அவ்வளவு கேம்கள் அவ்வளவு சீக்கிரம் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். விளையாடிய யாருக்கும் அந்த அட்டைகள் தெரியாது. என்னைக் கேட்டால் சிக்னோசிஸ் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான்.

8. வைப்அவுட்ல அப்படி என்ன இருக்கு? ரேஸ் கேம்தானே.

ரேஸ் கேம்தான். 1995 செப்டம்பர் 29 அன்று ஐரோப்பாவில் பிளேஸ்டேஷனோடு கூடவே வந்தது. சக்கரமில்லாமல் தரைக்கு மேலே மிதந்து பறக்கும் வண்டிகள், வளைவில் காற்றுத் தடுப்பை அழுத்தி வண்டியைச் சாய்த்துத் திருப்ப வேண்டும். கை பழகும் வரை சுவரில் முட்டிக்கொண்டே இருப்போம். பழகியபின் விரல் தானாக ஓடும்.

ஆனால் அதன் தோற்றமும் ஒலியும் வேறு இடத்திலிருந்து வந்தவை. ஷெஃபீல்டின் டிசைனர்ஸ் ரிபப்ளிக் என்ற வடிவமைப்பு நிறுவனம் அதன் சின்னங்களையும் எழுத்துருக்களையும் செய்தது. இசையில் பெரும்பகுதி கோல்ட் ஸ்டோரேஜ் என்ற பெயரில் டிம் ரைட் அமைத்தது. ஐரோப்பியப் பதிப்பில் ஆர்பிட்டல், லெஃப்ட்ஃபீல்ட், கெமிக்கல் பிரதர்ஸ் பாட்டுகளும் சேர்ந்தன. அந்தக் காலத்து நடனக் கிளப்புகளில் ஒலித்துக்கொண்டிருந்த இசை அது. சோனி பிளேஸ்டேஷனைக் கிளப்புகளுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது. கேம் என்பது சின்னப் பையன்கள் சமாச்சாரம் என்ற எண்ணத்தை பிரிட்டனில் உடைத்ததில் இந்த ஒரு கேமுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

9. சோனி கம்பெனி ஆனப்புறமும் செகாவுக்கும் நின்டெண்டோவுக்கும் கேம் விட்டாங்களாமே, எப்படி?

விட்டார்கள். வைப்அவுட் 1996இல் செகா சாட்டர்னில் வந்தது, 1998இல் நின்டெண்டோ 64க்கு வைப்அவுட் 64 வந்தது. சோனி வாங்கிய பிறகும் சிக்னோசிஸ் தன் பெயரில், தன் விற்பனை ஆட்களோடு, ஏறக்குறைய தனி வெளியீட்டாளராகவே நடந்துகொண்டிருந்தது. கேம்டன், ஸ்ட்ரவுட், மான்செஸ்டர், லீட்ஸ் என்று ஊர் ஊராகக் கிளைகள் வேறு திறந்தது.

ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் சிக்கல்தான். 1996இல் சிக்னோசிஸை விற்றுவிடலாமா என்றுகூட சோனி யோசித்தது, பிறகு கைவிட்டது. விற்கவும் மனமில்லை, தனியாக விடவும் மனமில்லை. இறங்குமுகம் இங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம். அதே ஆண்டுதான் பிசார் கிரியேஷன்ஸ் செய்த ஃபார்முலா 1 ஐரோப்பாவெங்கும் விற்றுத் தீர்ந்தது, அதனால் அப்போது யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது.

10. அவ்ளோ நல்ல பேரை எதுக்கு மாத்தினாங்க?

மேலே சொன்ன சிக்கலுக்கு சோனி கண்ட தீர்வு அது. 90களின் கடைசியில் விற்பனையும் விளம்பரமும் சோனியின் ஐரோப்பியப் பிரிவோடு இணைக்கப்பட்டன. ஹெதரிங்டனும் போய்விட்டார். 2001 வாக்கில் லிவர்பூலில் எஞ்சியிருந்தது 'ஸ்டுடியோ லிவர்பூல்' என்ற பெயருக்கு மாறியது. ஆந்தையும் போனது. எந்தக் குழுவின் கேமை வெளியிடலாம் என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களிடம் இல்லை என்றானபின், சிக்னோசிஸ் என்ற நிறுவனம் முடிந்துவிட்டது என்றுதான் நான் கணக்கில் கொள்வேன்.

11. 2012ல நஷ்டத்துலதானே மூடினாங்க?

மோசமான கேம் ஒன்று எடுத்து மாட்டிக்கொண்டு மூடவில்லை. 2005இல் சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியோடு வந்த வைப்அவுட் ப்யூர், 2008இல் பிஎஸ்3க்கு (பிளேஸ்டேஷன் 3) வந்த வைப்அவுட் எச்டி இரண்டுமே பாராட்டப்பட்டவை. எச்டி தாமதமானதற்கு ஒரு காரணம், மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கான பாதுகாப்புச் சோதனையில் முதலில் தேறாததுதான். காட்சிகளைத் திருத்திய பிறகே வெளியிட்டார்கள்.

பிரச்சினை வேறு. ஃபார்முலா 1 கேம் செய்யும் உரிமம் சோனியிடமிருந்து கோட்மாஸ்டர்ஸ் என்ற இன்னொரு கேம் நிறுவனத்தின் கைக்கு 2008இல் போனது. ஆண்டுதோறும் நிச்சயமாக வந்துகொண்டிருந்த வேலை அதோடு நின்றது. 2010இல் ஆட்குறைப்பு. கடைசி கேம் வைப்அவுட் 2048, பிஎஸ்பிக்கு அடுத்து வந்த கையடக்கக் கருவியான பிஎஸ் வீட்டாவுக்கு 2012 தொடக்கத்தில். வீட்டாவே சரியாக விற்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, முதலீட்டை மற்ற ஸ்டுடியோக்களில் குவிக்கப்போவதாகச் சொல்லி சோனி மூடிவிட்டது. கட்டடத்தில் இருந்த சோனியின் மற்ற பிரிவுகள் தொடர்ந்தன. எனவே 3ஆம் கேள்வியில் பார்த்த இமேஜின் மாதிரி இது திவால் இல்லை, தலைமையகத்தில் எடுத்த ஒரு முடிவு.

12. அங்க வேலை பார்த்தவங்க என்ன ஆனாங்க?

ஒரு பகுதியினர் அதே 2012இல் லிவர்பூல் பக்கமே ஃபயர்ஸ்ப்ரைட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2021இல் அதை வாங்கியது யார் தெரியுமா? சோனி. மூடிய ஸ்டுடியோவின் ஆட்களையே ஒன்பது ஆண்டு கழித்துத் திரும்ப வாங்கியது.

மற்ற குழுக்களையும் சொல்லிவிடுகிறேன். பிசார் கிரியேஷன்ஸை 2007இல் ஆக்டிவிஷன் வாங்கி 2011இல் மூடியது. 7ஆம் பதிலில் வந்த எஸ்என் சிஸ்டம்ஸை 2005இல் சோனியே வாங்கிக்கொண்டது.

13. கம்பெனியே இல்லை. அப்போ பழைய கேமை எல்லாம் சும்மா இறக்கிக்கலாம்ல?

முடியாது. கம்பெனிதான் இல்லை, உரிமை இருக்கிறது, சோனியிடம். அதனால்தான் 2016இல் ஷேடோ ஆஃப் தி பீஸ்ட்டை பிஎஸ்4க்குப் புதிதாகச் செய்ய முடிந்தது, 2017இல் வைப்அவுட் ஒமேகா கலெக்‌ஷன் வந்தது. லெம்மிங்ஸ் போனிலேயே கிடைக்கிறது, ஆனால் அது பழைய கேம் இல்லை, பெயரையும் உருவத்தையும் வைத்துச் செய்த வேறொன்று. பழைய அமிகா பதிப்புகளை முறையாக விலை கொடுத்து வாங்க வழி செய்தால் சோனிக்குப் புண்ணியமாகப் போகும்.

14. சோனிகிட்ட விக்காம இருந்திருந்தா இன்னிக்கும் இருந்திருக்குமா?

இதைக் கேட்காதவர்களே இல்லை. அந்தத் தலைமுறையில் விற்றவர்கள் கதியைப் பாருங்கள். புல்ஃபிராக் 1995இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் போய் 2001இல் மூடப்பட்டது. இமேஜின் பெயரை வாங்கிய ஓஷனும், ஷெஃபீல்டின் கிரெம்லினும் பிரெஞ்சு நிறுவனமான இன்ஃபோகிராம்ஸுக்குள் கரைந்தன. டூம் ரெய்டரின் தாய்வீடான கோர் டிசைனும் தப்பவில்லை. டண்டீயில் நாலு பேர் சேர்ந்து ஒரு கேமைச் செய்த காலம் போய், ஒரு கேமுக்கு நூறு பேர் வேண்டும் என்ற காலம் பிளேஸ்டேஷனுக்குப் பிறகு வந்தது. ஒரு கேம் சறுக்கினால் கம்பெனி காலி. வாங்க ஆள் வந்தபோது விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

விற்காமல் நிற்கவே முடியாது என்றும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு சகோதரர்கள் 1992இல் தொடங்கிய ரெபெல்லியன் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் கேமோடு நிற்காமல் காமிக்ஸ் பத்திரிகை, புத்தகம் என்று கிளை விரித்தார்கள், பெரும்பாலும் அளவாகவே செலவு செய்தார்கள். சிக்னோசிஸ் அப்படி இருந்திருக்குமா? அளவாகச் செலவு செய்யும் ஒரு சிக்னோசிஸ், ஷேடோ ஆஃப் தி பீஸ்ட்டையோ அந்த சிலிகான் கிராஃபிக்ஸ் இயந்திரங்களையோ தொட்டிருக்காது என்று நினைக்கிறேன். சோனியும் தேடி வந்திருக்காது.